நூற்று எழுபத்திரண்டு

துணிமேல் கட்டரை வைத்து
அரைத் திருகு திருகினால்
வட்டம் ஒன்று கழன்று வரும்.
நூறு சதுர சென்டிமீட்டர்.
தராசு காட்டும் கிராமை நூறால் பெருக்கினால்
ஒரு சதுர மீட்டரின் எடை.
அனுப்பர்பாளையத்தில் ஆறு வருஷமாக
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வட்டத்தைச் சதுரமாக்கிக் காட்டு என்று
இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி,
அளவுகோலும் காம்பஸும் வைத்து முடியவே முடியாதென
கடைசியில் நிரூபித்தும் விட்டார்களாம்.
பாலிடெக்னிக்கில் படித்தது.
நான் நாளுக்கு நாற்பது தடவை முடிக்கிறேன்,
முடிப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.
கட்டரின் ஆரம் ஐந்து புள்ளி ஆறு நான்கு
ஒன்று எட்டு ஒன்பது ஐந்து
எங்கேயும் நிற்காத எண் அது.
எந்த லேத்துக்காரர் எந்த இடத்தில் நிறுத்தினாரோ!
அவர் கை ஓய்ந்த இடத்தில்
என் வேலை தொடங்குகிறது.

கட்டிங் மேசையில் திலேஸ்வர் கத்தி ஓட்டுகிறான்.
அவன் ஒடியாவில் எண்ணுவான், நான் தமிழில்.
அறுபதாவது அடுக்கில்
இருவரும் ஒன்றாக நிறுத்துவோம்.
முன்பக்கக் கழுத்துக்கு ஆழமாய் ஒரு பிறை,
பின்பக்கத்துக்கு நகம் வெட்டிப் போட்டதுபோல் இன்னொன்று.
சேர்த்து வைத்தால் கோணல் பூஜ்யம்.
எடை இரண்டரை கிராம்.
ஆர்டர் பன்னிரண்டாயிரம் சட்டை.
பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம் என்று
யார் சொன்னது?
முப்பது கிலோ.
வேஸ்ட் குடோன் பழனாத்தாள் மூட்டை கட்டிப் போகிறார்,
லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைக்க.

நொய்யலோடு கிழக்கே போனால் கொடுமணல்.
கல்லில் மணி செய்து ஓட்டை போட்டவர்கள் இருந்த ஊர்.
ஓட்டை இல்லாவிட்டால் அது வெறும் கல்,
கழுத்து இல்லாவிட்டால் இது வெறும் பை.
இல்லாத இடத்துக்கு விலை வைக்க
இந்த ஆற்றங்கரையில் யாரும் புதிதாய்ப் படிக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயத்திலிருந்து வந்த ரோல்
ஒன்று புள்ளி ஏழு இரண்டு காட்டியது.
கேட்டது நூற்றி எண்பது.
இன்னொரு வட்டம் வெட்டினேன். அதே.
சென்னியப்பன் சார் போனில்,
"எண்பதுன்னே எழுதிருங் அம்மிணி,
எட்டுத்தானுங்களே, என்ன ஆயிருங்?"
பேனா மூடியைத் திறந்தபடி கணக்குப் போட்டேன்.
ஐந்து சதம் வரை மன்னிப்பு உண்டு, ஒப்பந்தத்தில் இருக்கிறது.
நூற்று எண்பதில் ஐந்து சதம் ஒன்பது.
நூற்று எழுபத்தொன்று வரை பாஸ்.
"பொய்யே தேவையில்லைங்க சார்."
அந்தப் பக்கம் சிரிப்பு.
உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம்.
சட்டைக்குத் தோராயமாக ஒரு சதுர மீட்டர்,
எட்டு கிராம், பன்னிரண்டாயிரம்.
தொண்ணூற்றாறு கிலோ.
முப்பது கிலோ பூஜ்யம் தரையில் கிடக்கிறது, கூட்டிப் பெருக்கலாம்.
இந்தத் தொண்ணூற்றாறு எங்கே கிடக்கிறது?
யாரும் திருடவில்லை. விதிக்குள்தான் இருக்கிறது.
துணியைக் கிலோவில் வாங்கியவருக்கு
நீளம் கொஞ்சம் கூடியே வந்திருக்கிறது.
எந்த ஊரிலோ யாரோ போட்டுக்கொள்வார்,
தோளில் எட்டு கிராம் குறைவாக,
அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட்.
கைரேகை வைத்தபோது எட்டு நாற்பத்திரண்டு.
மெஷின் எட்டரை என்று எழுதிக்கொண்டது.
பன்னிரண்டு நிமிஷம்.
கவர் வாங்க வரிசையில் நூற்று நாற்பது பேர்.
பெருக்காமல் இருக்கத்தான் பார்த்தேன்.
இருபத்தெட்டு மணி நேரம்.
எனக்கு முன்னால் நின்ற திலேஸ்வரிடம் சொன்னேன்.
ஒரு நாளும் நாலு மணியும், என்றான் உடனே,
ஏற்கெனவே போட்டுப் பார்த்தவன்போல.

பையில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினால்
வெள்ளிக்கிழமை வட்டம் ஒன்று கையில் வந்தது.
பஸ் விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வெளிச்சம் தாராளமாகவே வந்தது,
எட்டு கிராம் அளவுக்கு.