நிற்க வைத்து எடுத்த படம்

புனேயில் நின்றபோது அது நேராகத்தான் நின்றது.
முப்பத்தெட்டு போட்டோ, ஒரு வீடியோ.
மஸ்கட்டில் இருந்தபடி வயிரவன் பார்த்து, பேசி, பணம் அனுப்பி,
டிரெய்லரில் ஏறி மூன்று மாநிலம் கடந்து
திருச்சி பைபாஸில் இறங்கியது வெள்ளை சஃபாரி.
சாவியை வாங்கியவள் நான்.

கீரனூர் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.
ஆக்சிலேட்டரை மிதித்தால் வலப்பக்கம் ஒதுங்குகிறது,
பிரேக் போட்டால் இடப்பக்கம் பாய்கிறது.
தண்டவாளத்தில் ஏறி இறங்கினால்
என்னைக் கேட்காமல் ஒரு முடிவெடுத்து
பிறகு மனம் மாறுகிறது.
திருமயம் வரை நான் ஓட்டவில்லை,
சமாதானம் பேசிக்கொண்டே வந்தேன்.

"அலைன்மென்ட்தான்" என்றார் போனில்.
"வீடியோல பாத்தேனே, ஸ்டியரிங் நேராத்தானே இருந்துச்சு."
இருந்தது.
நிற்கிற வண்டியில் எல்லா ஸ்டியரிங்கும் நேர்தான்.

அலைன்மென்ட் பார்த்தாயிற்று, எண்ணூறு ரூபாய்.
கம்ப்யூட்டர் பச்சை காட்டியது, வண்டி காட்டவில்லை.
நாலு டயரிலும் காற்று ஒரே அளவு.
முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டார் சவரிமுத்து:
இழுப்பும் பக்கம் மாறினால் டயர், மாறாவிட்டால் வேறு.
மாறவில்லை.
டைராடு எண்டு புதுசு. ஷாக் அப்சார்பர் புதுசு.
"பெரிய வண்டிக்கா, கை பழகணும்" என்றான் பட்டறைப் பையன்.
பதினோரு வருஷம் ஆம்னி ஓட்டிய கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு.
காலை ஐந்தே கால், கானாடுகாத்தான்.
ஒரு தெருவில் வாசல் தொடங்கி
மறு தெருவில் முடிகிற வீடுகள்;
அந்த மதில்களைவிட நீளமான அடிஸ்கேல்
எனக்கு வேறெங்கே கிடைக்கும்?
மதிலுக்கு மூன்றடி விட்டு, நாற்பதில், பிடியைத் தளர்த்தி —
முடியும் இடத்தில் நாலரை.
பிரேக்கோடு: ஒன்றே கால்.
மூன்றாம் நாள் காவல்காரர் டார்ச் அடித்தார்.
"வழி தவறிட்டீங்களா?"
"நான் இல்ல, வண்டி."

செக்காலை ரோட்டில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
புதுவயல் ரைஸ் மில்லிலிருந்து ஒருவர் வந்தார், முழங்கால்.
கையில் வேறு இடத்தில் படுக்கவைத்து எடுத்த படம்.
மூட்டில் இடைவெளி, குறை சொல்ல முடியாமல்.
"ஒண்ணுமில்லைங்கிறாங்க. நடந்தா உயிர் போகுது."
எழுந்து நிற்கச் சொன்னேன்,
மூட்டை தூக்குகிற உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில்.
எடுத்தேன்.
எலும்போடு எலும்பு.

படம் காய்வதற்குக்கூட இப்போது நேரமில்லை, எல்லாம் திரையில்தான்;
திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அடுத்த டோக்கன் இருமினார்.

மதியம் பட்டறை.
"அண்ணே, இதுவரைக்கும் எப்படிப் பாத்தீங்க?"
"ஜாக்கில தூக்கித்தான்."
"தூக்காம பாருங்க."

குழிமேல் நிறுத்தினோம். நாலு சக்கரமும் தரையில்,
இரண்டு டன்னும் அதனதன் இடத்தில்.
பையன் ஸ்டியரிங்கை இப்படி ஒரு விரல், அப்படி ஒரு விரல்.
குழிக்குள் சவரிமுத்து, குந்தியபடி நான், போன் வெளிச்சம்.
மேலே நம் செம்மண், சுரண்டினால்
உள்ளே வேறு ஊரின் கரிசல்.
இடப்பக்கக் கீழ் ஆர்ம், பின் புஷ்:
ரப்பர் கிழிந்து
ஒரு சுண்டுவிரல் அகலம் முன்னே போய்
ஒன்றும் நடக்காதது மாதிரி பின்னே வந்தது.
சவரிமுத்து மெதுவாக விசில் அடித்தார்.

ஜோடி ஆயிரத்து நானூறு, மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது.
மறுபடி அலைன்மென்ட், அதே எண்ணூறு.
இன்று மதிலோரம் மூன்றடி.
முடிகிற இடத்திலும் மூன்றடி.
இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தது சந்தேகத்தால் அல்ல.

ராத்திரி வீடியோ காலில் வயிரவன்.
"நான்தான் சொன்னேனே, அலைன்மென்ட்னு."
கட்டிலில் சாய்ந்திருந்தார், தலையணை முதுகுக்கு இரண்டு.
"நீங்க எப்படி இருக்கீங்க?"
"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."
"எந்திரிச்சு நின்னு சொல்லுங்க" என்றேன்.

சிரித்தார்.
எழுந்திருக்கவில்லை.