ஐந்துக்குக் கீழே

போனை ஏகாம்பரத்திடம் கொடுத்து
பதினான்காம் பெட்டிச் சாவியை வாங்குகிறேன்.
பேனாவையும் கேட்கிறார்.
நேற்றும் கேட்டார்.

முதலியார்பேட்டையில் ஜன்னலில்லாத மாடியறை.
திரைக்குள் இன்னொரு திரை,
அதற்குள்தான் தரவு.
உள்ளே நகலெடுத்தது வெளியே ஒட்டாது.
ஆர் மென்பொருள் மூன்று வருடப் பழசு.
ஒரு தொகுப்பு வேண்டுமென்று எழுதிக்கொடுத்து
ஆறு வாரம் கழித்து வந்தது,
அது சாய்ந்து நிற்கும் மற்றொன்று வரவில்லை.
மாப்பிள்ளை வந்தாயிற்று, மேளக்காரரைக் காணோம்.
அந்த நாற்பது வரிகளைக் கையாலேயே எழுதினேன்.

தானே புயலுக்குப் பின் கடலூர்க் கரையோரம்
அடிபட்டு வந்தவர்கள், பதினோராயிரம் வரிசை.
பெயரை எடுத்துவிட்டார்கள்.
ஊருக்குப் பதில் நான்கு இலக்கம்.
தேதிகளை ஆளுக்கொரு அளவாய்
முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கிறார்கள்.
அதனால் இந்த அறையில் மட்டும்
ஐப்பசியிலேயே ஒருவர்மேல் கூரை விழுகிறது,
மாசியிலும் ஓடு பறக்கிறது.

செவ்வாய்க்கிழமை,
விடுபட்ட மதிப்புகளைத் தேடுகையில்
வரிசை 7306.
பெண். வயது பதினொன்று.
இடது முன்கை, இரண்டு எலும்பும்.
காரணம்: மரம் விழுந்து. முந்திரி, என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.
மூன்று இரவு.
மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக வெளியேறியவர்.

ஆடு தனியாக நிற்கிறதென்று
அம்மா கூட்டிவந்துவிட்டாள்.

யாரையும் அடையாளம் காண முயலமாட்டேன் என்று
ஐந்து பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.
முயலவில்லை.
அவளே எதிரே வந்தாள்.
மீறல் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
சம்பந்தப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு?

காலியாகவே மூடினேன்.
அட்டவணையை மட்டும் சரிபார்க்க அனுப்பினேன்.

வியாழன் மாலை திரும்பி வந்தது.
எங்கள் ஊர் நேரே, முறிவுகள் பத்தியில்
மூன்று இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரம்.
பிலோமினாவின் குறிப்பு கீழே:
ஐந்துக்குக் குறைவு. பக்கத்து ஊர் எண்ணையும் மறைக்கவும்,
இல்லையேல் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரிதான்.
பக்கத்து ஊரையும் மறைத்தேன்.
அங்கே பன்னிரண்டு பேர் இருந்தார்கள்,
எங்களுக்குத் துணையாக
அவர்களும் இருட்டுக்குள் வந்தார்கள்.

கடலூர் பஸ்ஸில் கூட்டம்.
செவந்தி இடம் பிடித்து வைத்திருக்கிறாள்,
மடியில் வேர்க்கடலைப் பொட்டலம்.
உள்ள என்னடி பண்ணுவ நாள் முழுக்க?
எண்ணுவேன்.
எவ்ளோ வந்துச்சு?

ஜன்னலைப் பார்க்கிறேன்,
ரெட்டிச்சாவடி தாண்டுகிறது.
ஒரு பிடிக் கடலையை நீட்டுகிறாள்.
முழங்கையிலிருந்து கொஞ்சம் கோணி வரும்
அவளுடைய வலது கை.