மானின் மூக்கு

பழைய சொந்தக்காரன்
டாஷ்போர்ட்டில் ஒரு விளக்கை மறைத்து
கறுப்பு ரேப் ஒட்டியிருந்தான்.
வாங்கிய அன்றே நகத்தால் கிள்ளி உரித்தேன்.
மஞ்சளாய் எரிந்தது எஞ்சின் படம்.
"எரிஞ்சா எரியட்டும், ஓடுதுதானே" என்றார் தயாபரன்.
ஓடியதுதான்.

மார்செல் தன் கராஜில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.
பெற்றோல் ராங்கின் மூடி.
ரப்பர் வெடித்து, இறுகாத ஒரு மூடி.
பதினெட்டு டொலர்.
இரண்டு வருடமாய் ஒரு மனிதன்
பதினெட்டு டொலருக்குப் பயந்து
சின்ன இருட்டொன்றை ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

சட்பரியில் பனி சொல்லாமல் வரும்.
ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை
இருபத்தைந்து சதக் காசை எடுத்து
அதிலுள்ள மானைத் தலைகீழாய்ப் பிடித்து
ரயரின் பள்ளத்தில் செருகினேன்.
மூக்கு மறைந்தால் இந்தக் குளிருக்குப் போதும்.
முன் இடது ரயரில்
மூக்கு முழுதாய் வெளியே நின்றது.
"இரண்டு மாத்தினால் காணாதா?"
"முன்னுக்கு மட்டும் மாத்தினால்
கார் வாலைச் சுழட்டும்" என்றான் மார்செல்.
நாலும் மாற்றினேன்.
அந்த மாதம் ஊருக்குக் காசு அனுப்பவில்லை.

பிறகு எல்லாம் பழக்கமாயிற்று.
எண்ணெய்க் கம்பியைக் குசினித் துணியால் துடைப்பேன்.
பனங்கட்டி நிறமென்றால் சரி,
ஆறிய கோப்பியென்றால் மார்செல்.
குளிரில் காற்றும் ஒடுங்கும்
ஆதலால் மாதம் ஒருமுறை ரயருக்கு மூச்சு.
உறையாத நீலத் தண்ணீர் ஒரு கலன் டிக்கியில்,
கூடவே மண்வாரி, கம்பளி, பூனை மணல்.
(பூனை இல்லை. சறுக்கும் சில்லுக்குத்தான்.)
எதிர்வீட்டுக்காரன் கூரைப் பனியோடே கிளம்புவான்,
முதல் சிவப்பு விளக்கில்
கூரை முழுக்க அவன் கண்ணாடியில் இறங்கும்.
நான் கதிரை வைத்து ஏறித் தள்ளுவேன்.
யாரிஸ் சின்னக் கார்தான்,
எனக்கு உயரம் அதைவிடக் குறைவு.

மாசியில் ஒரு காலை.
இரவு வேலை முடித்து
கப்ரியோலுக்கு, ஹெய்க்கினனிடம்.
வீங்கிய கால்களுக்கு
எட்டு மணிக்குள் இறுக்கக் காலுறை போடவேணும்.
வீதி காய்ந்திருந்தது.
முன்னால் போன பாரவண்டிக்கு
நாலு விநாடி தள்ளியே போனேன்.
டாஷ்போர்ட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

திடீரென்று
சில்லின் கீழே வீதி உறுமியது.
ஓரத்தில் செதுக்கிய பள்ளங்கள்.
பாரவண்டியைக் காணோம்.
பாலம் ஒன்று வந்திருக்க வேணும்,
கண்ணாடியில் பார்த்தால்
அது எனக்குப் பின்னால் நின்றது.

எப்போது கடந்தேன்?

என் இமையின் உட்புறமும்
அதே கறுப்பு ரேப்தான்.

டோனட் கடை வளவில் நிறுத்தினேன்.
எஞ்சினை அணைத்து, இருக்கையைச் சரித்து,
கம்பளியைக் கழுத்துவரை இழுத்தபோது
ஓடும்போதெல்லாம் நான் எடுக்காத தொலைபேசி
மறுபடி அடித்தது.
"எங்க நிக்கிறீங்கள்?"
"இருபத்தைஞ்சு நிமிசம் பிந்தும்."
"கார் பிரச்சினையா?"
"ஓம்" என்றேன்.

பாவம் கார்.
மூடி இறுகி, எண்ணெய் தெளிந்து,
நாலு பாதமும் புதிதாய்
ஒரு குற்றமும் அறியாமல் நின்றது.
ஸ்டீயரிங்கில் கைவைத்து
மன்னிப்புக் கேட்டேனோ, தூங்கிவிட்டேனோ.

அலாரம் எழுப்பியபோது
என் மூச்செல்லாம் கண்ணாடியின் உள்ளே
வெள்ளையாய் உறைந்திருந்தது.
பிந்தியாயிற்று.
கண்ணளவு ஓட்டை போதுமென்று கிளம்புகிறவர்களை
தினமும் காண்கிறேன்.
சுரண்டியை எடுத்தேன்.
மூலையிலிருந்து மூலைக்கு,
முழுக் கண்ணாடியும்.