குறுக்கே பேசுகிறவர்

இசைத்தட்டு முடிந்து
ஊசியைத் தூக்கிய அமைதியில் ஒருவர் பேசுகிறார்:
"கணவா எட்டுப் பெட்டி, நெத்திலி இல்ல."

குளச்சலில் இரவு ஒன்றரை.
ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். பேசினார்.
ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்பு,
மாதா படத்தடியில் மினுக்கும் சீரியல் செட்டுகூட.
பேசினார். ஐஸ் தீர்ந்துவிட்டதாம்.

முதல் வால்வைக் கழற்றியதும் வாயடைத்தது.
அப்படியானால் அதற்கு முன்னால்தான் நுழைகிறார்.
வால்வைத் திரும்பச் செருகி
டர்ன்டேபிள் ஒயரை உருவினேன்: ஆளில்லை.
மாட்டினேன்: "ஓவர், ஓவர்."

பிளக்கைத் திருகித் திறந்தால்
உப்புக்காற்று தின்ற செம்பு வலை,
தொட்டதும் பச்சைப் பொடி.
இரண்டு வருடமாக இது ஏரியல்.
நான்தான் ஒயர் என்று நம்பியிருக்கிறேன்.

ஓரங்குலம் வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்தேன்.
மணி இரண்டரை.
வால்வுகளின் ஆரஞ்சு மட்டும்,
கொசு பறப்பது கேட்டது.

காலையில் கீழ்வீட்டு எஸ்கலின் படியேறி வந்தாள்,
ஏலம் முடிந்த ஈரக் கூடையோடு.
"சாரே, ரெண்டரைக்கு மேல
ஒங்க செட்டு ஒண்ணும் சொல்லலியே?
மத்த போட்டுல எத்தன பெட்டின்னு தெரியாம
ரேட்டக் கூட்டிக் கேட்டுட்டேன்."

விரலில் இன்னும் ஈயப்புகை வாடை.
ரிப்பேர், என்றேன்.

"எப்ப சரியாகும்?"