பதினேழாம் அத்தியாயம்

இரண்டாம் ஆராதனை முடிந்ததும்
சைக்கிள் ஸ்டாண்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே
என் மேசை.
நாற்பத்தோரு நாவல்கள், ஒரு நோட்டு,
நூலில் கட்டிய பேனா.
நூல் கட்டாத மூன்று ஏற்கெனவே பரலோகம் போய்விட்டன.

குடியிருப்பது காகிதப்பட்டறையில்.
ஊர்ப்பேரே உன்னைப் புத்தகத்துக்கு எழுதிவைத்துவிட்டது என்று
ஆசீர்வாதம் ஐயா சிரிப்பார்.
கமிட்டிச் செயலாளர்.
எந்த நாவலையும் கடைசிப் பக்கத்தில்தான் திறப்பார்:
மனந்திரும்பினானா,
ஜெபித்தாளா,
கல்யாணம் ஆலயத்தில்தானா.
ஆம் என்றால் முத்திரை.

சிபாரிசில் நான் கெட்டிக்காரி.
முகத்தைப் பார்த்தாலே கை அலமாரிக்குப் போகும்.
மருமகளோடு பேசாதவர்களுக்கு
இரண்டு பெண்கள் ஒரே பைபிளுக்கு அடித்துக்கொள்ளும் கதை.
ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி மூடி
வேலை போன தாவீதுராஜுக்கு
கடன் கொடுத்தவன் மன்னிக்கும் கதை.
திருப்பித் தரும்போது கேட்டார்:
"வாங்கினவன் எழுதினது ஏதாவது இருக்கா?"

பெர்சியாளுக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.
குடியாத்தத்துக்காரி.
கணவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு
லாட்ஜில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்
வங்காளக் குடும்பத்தோடு பங்குபோட்ட குளியலறையுமாக
ஐந்தாம் வாரம்.
"ராத்திரி நகர மாட்டேங்குது. ஏதாச்சும் கதை குடுங்க."

நீல அட்டை போட்டதை எடுத்தேன்.
என் கண்ணீர் இரண்டு இடத்தில் காய்ந்திருக்கும் புத்தகம்.
"பதினேழாம் அத்தியாயம் வரைக்கும் பொறுத்துக்கோ,
அப்புறம் பாரு."
சொல்லும்போது என் கை அவள் தோளில் இருந்தது.
இப்போது நினைத்தால்
அந்தக் கையைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பதினேழாம் அத்தியாயத்தில்
டாக்டர்கள் கைவிட்ட லாரி டிரைவர்
விடியற்காலை நாலு மணிக்குக்
கஞ்சி கேட்பான்.

மூன்று ஞாயிறு அவள் வரவில்லை.
நாலாம் ஞாயிறு புத்தகம் மட்டும் வந்தது,
தினத்தாளில் சுற்றி, லாட்ஜ் வாட்ச்மேன் கையில்.
"ரூமைக் காலி பண்ணிட்டாங்க" என்றார்.
எப்படி என்று நான் கேட்கவில்லை.
அட்டைக்குள் தாமதக் கட்டணம் ஆறு ரூபாய்.
கஞ்சி என்ற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
இவருக்கு எந்த வார்டு?
எங்களையும் அங்க மாத்துவாங்களா?

அன்றிரவு நாற்பத்தொன்றையும் தரையில் பரப்பி
காய்ச்சல் எங்கே இறங்குகிறது என்று தேடினேன்.
முப்பத்தேழில் இறங்குகிறது.
இரண்டில் பாம்புக்கடி; பிழைத்துக்கொள்கிறார்கள்.
ஒன்றில் வியாதியே கிடையாது, எல்லாம் சொத்துத் தகராறு.
மீதி ஒன்று பழுப்பு அட்டை,
யாரும் கேட்காதது, முத்திரை விழாதது.
அதில் ஒருத்தி அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து
முள்ளுக் கத்திரிக்காய் நறுக்குகிறாள்.
காம்பு குத்துகிறது.
"ஆண்டவரே" என்கிறாள்.
ஜெபமா வலியா, எழுதியவர் சொல்லவில்லை.
அதோடு முடிகிறது.

சப்பென்ற முடிவு என்று
நாலு வருஷமாக அடுக்கின் அடியில் வைத்திருந்தேன்.

அதை மடியில் வைத்துக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறினேன்.
பள்ளிகொண்டாவில் இறங்கிவிட்டேன்.
என்ன சொல்லிக் கொடுப்பது?
எதிர்ப்பக்கம் நின்று வேலூர் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.
பாலாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பழுப்பு அட்டையை மேலே வைத்தேன்.
ஐயா வந்தார், வழக்கம்போல் கடைசிப் பக்கம்.
"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."
"இல்லைங்க ஐயா."
குடையை மடக்கி மேசைமேல் சாய்த்தார்.
வெயில் சுள்ளென்று அடித்தது.
நின்றபடியே
அதற்கு முந்தின பக்கத்தைத் திருப்பினார்.