பதினான்காம் பக்கம்

வேதாளைப் பள்ளிக்கு மாதிரிப் பிரதி கொண்டுபோனோம்,
நானும் ஓவியர் ஜெஸிந்தாவும்.
முப்பத்திரண்டு பக்கம். கடல்பசு
புல் மேயும், மூச்சுக்கு மேலே வரும்,
எல்லாம் இரண்டு முறை சரிபார்த்தது.

மூன்றாம் பெஞ்சில் ரிஸ்வானா கை தூக்கினாள்:
"ஆவுளியாவ நீங்க பாத்திருக்கீங்களா?"

ஜெஸிந்தா என்னைப் பார்த்தாள்.
நான் சன்னலை.
பாசி காயும் வாடை.

"இல்ல."

"எங்க வாப்பா பாத்திருக்காக. வலையில.
அழுதுச்சாம்."

அழுததற்கு ஆதாரம் இல்லை.
எந்த நூலிலும் இல்லை, நான் தேடியவரை.

உச்சிப்புளி ரயில்வே கேட்டில் பேருந்து நின்றபோது
பதினான்காம் பக்க ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
இந்தப் புத்தகத்தைச் செய்தவர்கள்
இதை இன்னும் பார்த்ததில்லை.

பக்கத்து இருக்கையில் ஜெஸிந்தா
மூலப்படத்தை மடியில் விரித்து
கண்ணுக்கு வைத்த வெள்ளைப் புள்ளியை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.