எண்பத்திரண்டு

காலை ஆறரை மணிக்கு
தெசாகுவாதேரோ ஆற்றில் சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும்
கம்பத்தின் எண்ணைப் படிப்பது என் வேலை.
இன்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர்.
நேற்றும் எண்பத்திரண்டு.
ஒருரோ அலுவலகம் எண்ணை வாங்கிக்கொண்டு
மாதம் ஒருமுறை சம்பளம் அனுப்புகிறது,
அதுவும் பிந்தித்தான்.

கிழக்கே தோளோடு தோள் ஒட்டிய பனிமலைகள்.
மேற்கே எரிமலைகள்,
பாகப் பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளிகள்போல்
தள்ளித் தள்ளி நிற்கின்றன.
அமேசான் காட்டிலிருந்து மூச்சு வாங்கி ஏறும் மேகம்
கிழக்கு மலையிலேயே சுமையை இறக்கிவிடும்.
மிச்சம் மீதி எங்களுக்கு.
பங்காளிகளுக்கு அதுவும் இல்லை.

நடுவில்
தரை என்று நம்பி நாங்கள் நடக்கிற உயரம்.
இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
உருளைக்கிழங்குதான் வேக மறுக்கும்.

இங்கு விழுகிற துளி மண்ணுக்குள் போகலாம்,
வானத்துக்குத் திரும்பலாம்.
கடலுக்குப் போக மட்டும் வழி கிடையாது.
தித்திகாகா ஏரி வழிந்து இந்த ஆறாகிறது,
ஆறு தெற்கே நடந்து போப்போ ஏரியில் படுத்துக்கொள்கிறது,
படுத்த இடத்திலேயே வெயில் குடித்துவிடுகிறது.
அதற்கும் அப்பால் உப்பு.
அடிவானம் வரை உப்பு.
உப்பிட்டவரை நினைக்க வேண்டுமாம்.
இவ்வளவையும் இட்டது யார்?

போப்போ வற்றிய வருடம்
ஃபோர்த்துனாத்தோ மொரிசியோவின் படகு
வெடித்த சேற்றில் தரைதட்டி நின்றது.
விற்கவில்லை. கவிழ்த்துப் போட்டுக் கோழி அடைத்தார்.
வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு
எண் என்ன என்பார். சொல்வேன்.
"சரி" என்று வைத்துவிடுவார்.
கோழிகள் பின்னால் கத்தும்.

என் மகள் நெய்டா லா பாஸில் செவிலியர் படிப்பு.
போன வாரம் போயிருந்தேன்.
எட்டு மணி நேரமாகச் சமதரையில் ஓடிய பேருந்து
விளிம்பில் வந்து நின்றதும்
யாரோ மேஜை விரிப்பை இழுத்ததுபோல்
பூமி சட்டென்று கீழே போயிற்று.
அந்தப் பள்ளத்தில் ஒரு நகரம், விளக்குகள், அடகுக் கடைகள்.

அலுவலகத்துப் பொறியாளர் ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள்:
லா பாஸ் ஆறு மலைக்கு அந்தப் பக்கம் பிறந்தது,
பின்னோக்கி அரித்து அரித்து
இயிமானியின் விலாவை அறுத்துக்கொண்டு
உள்ளே வந்துவிட்டது,
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.
வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
உங்கள் சுண்டுவிரல் நகம் அதைவிட வேகம் என்றாள்.

மூன்று மாணவிகள் பங்கிடும் அறை.
குழாயடியில் மகள் கோப்பை கழுவினாள்.
அந்தக் கழிவுநீர்
மலையின் கிழிசல் வழியாக இறங்கி,
காட்டுக்குள் பெயர் மாற்றி, மறுபடி மாற்றி,
என்றோ ஒருநாள் அட்லாண்டிக் கடலில் இருக்கும்.
நான் இருபத்தோரு வருடம் அளந்த நீரில்
ஒரு கரண்டி அங்கே போனதில்லை.

"என்னம்மா, கோப்பையை அப்படிப் பார்க்கிறாய்,
சரியாகக் கழுவவில்லையா?"
இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

நான் இல்லாத இரண்டு நாளும்
பக்கத்து வீட்டு எர்மெலிந்தா எண் படித்திருக்கிறாள்.
பதிவேட்டில் அவள் எட்டுகள்
கோதுமை மூட்டைகள்போல் குண்டாக இருந்தன.
எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு.

திரும்பிய மறுநாள் விடியலில்
கம்பத்தைச் சுற்றி மெல்லிய பனித்தகடு.
குச்சியால் உடைத்துப் பார்த்தேன். எழுபத்தொன்பது.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
குறைந்த மூன்றும் எங்கே போயின என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

பத்து மணிக்கு ஃபோர்த்துனாத்தோ கூப்பிட்டார்.
காற்று. கோழிகள்.
எண் என்ன என்றார்.

எண்பத்திரண்டு என்றேன்.